கஞ்சி போடாத நூல்

பாக்கியம் மிஸ்ஸியை என் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் நல்ல பெயரில் எனக்கும் பெரிய பங்கு இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். மருதமுனையில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். மிஸ்ஸி கறுப்புக் குடையைச் சுருக்கி வேலியில் சாய்த்தார். சேலைக் கரையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுக்குள்ள தொப்புள் கட்டுற நூல் இருக்கு. சுத்தமாக்கி ஒட்டினது. பிள்ளை பிறக்கிற அண்டைக்கு நான் வந்துதான் பிரிக்கோணும். அது மட்டும் கவனமா வச்சிருங்க."

அவர் காரைதீவுக்காரர். அரசாங்கம் எங்கள் பகுதிக்குப் புதிதாகப் போட்டிருந்த மருத்துவிச்சி. நான் தறிக்குழியிலிருந்து எழும்பி வந்த கோலத்தில், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு நின்றேன்.

"மிஸ்ஸி, நீங்க ஆர்ர ஊட்டுக்கு வந்திரிக்கீங்க எண்டு தெரியுமா?"

"தெரியும். உதுமாலெவ்வை வீடு."

"நெசவுக்காரன்ட ஊடு. இந்த ஊட்டுக்கு வெளியால இரிந்து நூல் வாறதா? கடலுக்குப் போறவன்ட ஊட்டுக்கு நீங்க கருவாடு கொண்டு போவீங்களா?"

அடுத்த வீட்டு வளவில் தறியிலிருந்த இஸ்மாலெவ்வை, என் மச்சான் முறை, ஊடுநூல் ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே குரல் கொடுத்தான். "தென்னை நிறைஞ்ச காரைதீவுக்குத் தேங்காய் அனுப்பப் போறாங்களாம் மச்சான், அதையும் கேட்டுப் பாரு."

மிஸ்ஸிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பொட்டலத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தார், குடையை விரித்தார், "பிறகு வாறன்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

உள்ளே திரைச்சேலைக்குப் பின்னால் என் மனைவி றாவியா, ஏழு மாத வயிற்றோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அது எங்கள் நாலாவது பிள்ளை. முதல் மூன்றும் எட்டாம் நாளைத் தாண்டவில்லை.

வாப்பாட நூல்

போன கிழமை இந்தத் தொடரில் தறி வாங்கின கதையைச் சொன்னேன். தறி என்றால் அந்த நாளில் குழித்தறி. நிலத்தில் குழி தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். நாள் முழுக்கப் பாதி உடம்பு மண்ணுக்குள்தான். "நெசவுக்காரனுக்குக் கபுறு பழகின இடம்" என்று, புதைகுழியை நினைத்து இஸ்மாலெவ்வை சொல்வான். அவன் வாயில் வருவதையெல்லாம் எழுதிவைத்திருந்தால் இந்தத் தொடர் இரண்டு வருஷம் போகும்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. குர்ஆன் ஓதப்பள்ளியில், அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் படித்தேன். தமிழ் எழுத்தை, நூல் மூட்டையைச் சுற்றி வந்த பழைய பேப்பர்களில் கண்டுபிடித்துக்கொண்டேன். பாதிச் செய்தி கிழிந்திருக்கும். மிச்சத்தை நானே முடித்துக்கொள்வேன். இன்றைக்கும் என் எழுத்தில் அந்தக் குணம் இருக்கிறது என்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். பிள்ளை பிறந்தால் தொப்புள் கொடியைத் தகப்பனுடைய நூலால்தான் கட்டுவார்கள். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டின நூல், நெய்து முடிந்ததும் தறியில் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் நூல் மிஞ்சும். அதை அறுத்துக் குழியின் பக்கத்தில் வெட்டியிருக்கும் மாடத்தில் போட்டு வைப்போம். வலி எடுத்ததும் உள்ளேயிருந்து சத்தம் வரும்: "வாப்பாட நூலக் கொண்டாங்க."

அதைக் கேட்பவர் கலந்தரும்மா ராத்தா. எங்கள் தெருவின் மருத்துவிச்சி. என்னையும் இஸ்மாலெவ்வையையும் உலகத்துக்கு எடுத்துப் போட்டவர் அவருடைய தாய். எங்கள் பிள்ளைகளை எடுத்தவர் இவர். "வாப்பாட நூல் கட்டின புள்ளதான் வாப்பாட கையில நிக்கும்" என்பார். பிள்ளையின் வயிற்றில் தன் தறி நூலைக் காணும்போது ஒரு தகப்பனுக்கு வரும் பெருமை இருக்கிறதே, அதை நெய்யாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

அந்த மாடத்துக்குள்தான் எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழியும் முட்டையிடும். குழி ஓரத்தில் ஆட்டுக்குட்டி படுக்கும். யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

எட்டாம் நாள்

மூன்று பிள்ளைகளும் நல்ல சுகமாகத்தான் பிறந்தார்கள். அழுதார்கள், குடித்தார்கள். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ ஒரு காலையில் பிள்ளை பாலுக்கு வாய் திறக்காது. உதடு இறுகி, சிரிப்பது போல ஒரு பக்கம் இழுக்கும். தொட்டால் வில்லாக வளையும். வாய்க்கட்டு என்போம். எட்டாம் நாள் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. தெருவில் வாய்க்கட்டில் பிள்ளை கொடுக்காத வீடு குறைவு. கண்ணூறு என்றார்கள், செய்வினை என்றார்கள். தாய்ப்பாலில் குறை என்று சொன்னவர்களும் உண்டு. றாவியா அதைக் கேட்டுக்கொண்டு சோறு சமைத்தாள்.

ஏழாம் நாள் முடியிறக்கிப் பேர் வைப்பது வழக்கம். மூத்ததற்கு அப்படித்தான் வைத்தோம். மற்ற இரண்டுக்கும் பேர் வைத்தது அடக்குவதற்காகத்தான்.

மூன்று தடவையும் மாடத்தில் கையை விட்டு நூலை எடுத்துக் கொடுத்தவன் நான்.

சாயச்சட்டி

மிஸ்ஸி சொன்னபடி திரும்பி வந்தார். ஆனால் முன்வாசலால் வரவில்லை. கிணற்றடிப் பக்கத்தால் வந்து, றாவியா நூல் அவித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் தறியில் ஒரு சாரனில், அதாவது கைலியில், இருந்தேன். கை நெய்தது, காது கிணற்றடியில் இருந்தது.

"இதென்ன, இன்னும் சாயம் போடல்லையே. வெறும் தண்ணியில என்னத்துக்கு அவிக்கிறீங்க?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"நூலில எண்ணெய்யும் ஊத்தையும் இரிக்கும் மிஸ்ஸி. அவிச்சு அத எடுக்காட்டிச் சாயம் திட்டுத் திட்டாப் புடிக்கும். சாரன் சந்தையில போகாது."

மிஸ்ஸி பலகையைச் சட்டிக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு வாய்க்கட்டைப் பற்றிச் சொன்னார். மண்ணிலும் ஆட்டுப் புழுக்கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இருக்கிறது, அது வெட்டின தொப்புள் வழியாக உள்ளே போகிறது, பெற்றவளின் பாலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று. கடைசி வார்த்தையை அவர் இரண்டு தரம் சொன்னது எனக்குக் கேட்டது.

றாவியா கேட்டாள். "அந்தக் கிருமி கொதிதண்ணியில சாகுமா?"

"கன நேரம் கொதிக்க விட்டாச் சாகும். ஆஸ்பத்திரியிலயும் அப்பிடித்தான் செய்யிற."

நூலைக் கிண்டும் கம்பு சட்டியில் படும் ஓசை நின்றுவிட்டது.

"அப்ப சந்தைக்குப் போற சாரனுக்கு அவிச்ச நூலு. என்ட புள்ளைக்கு அவிக்காத நூலு," என்றாள் றாவியா. யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சப் பாருங்க. தறிய விட்டுட்டு வாங்க."

போனேன்.

"மிஸ்ஸிட பெட்டி நூல் எனக்கு வேணாம்."

நான் தலையை நிமிர்த்தினேன்.

"கோழி படுக்கிற ஒங்கட மாடத்து நூலும் எனக்கு வேணாம். புதுசா வந்த நூல் கழியில இரிந்து எடுங்க. அவிச்சு, சுத்தமான துணியில சுத்தி வைப்பம். அதத்தான் கட்டோணும்."

"தெருவுல என்ன சொல்லுவாங்க?"

"தெருவா வந்து என்ட மடியில இரிந்து புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போன? நீங்கதானே தூக்கிக்கிட்டுப் போனீங்க."

நான் சட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸிதான் கேட்டார். "பெட்டி நூலில என்ன குறை றாவியா?"

"குறை ஒண்டும் இல்ல மிஸ்ஸி. ஒங்கட நூலால என்ட புள்ள நிண்டா, மிஸ்ஸிட நூல் நல்லம், நெசவுக்காரன்ட நூல் கூடாது எண்டு கதை வரும். இவரப்போல ஒவ்வொருத்தரும் ஒங்கள வாசலோட அனுப்புவாங்க. நீங்க ஒரு புள்ளையக் காப்பாத்திட்டுப் போவீங்க. இந்தத் தெருவுல வயித்தோட இன்னம் ஆறு பேர் இரிக்காங்க."

மிஸ்ஸி அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம். "நூல் ஆர்ரயா இருந்தா என்ன. அவிச்சதா எண்டுதான் நான் பாப்பன்," என்றார்.

நான் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "மிஸ்ஸி, அப்ப மூண்டும் என்ட நூலாலயா?"

"நூலா, வெட்டின கத்தியா, தொப்புளில பூசின சாம்பலா எண்டு என்னால சொல்லேலாது. சொல்லவும் மாட்டன். மூண்டையும் மாத்துவம்."

பாக்குவெட்டி

கத்தி என்று மிஸ்ஸி மரியாதைக்குச் சொன்னார். கலந்தரும்மா ராத்தா கொடி வெட்டுவது பாக்குவெட்டியால். வெற்றிலைப் பெட்டியில் எப்போதும் இருக்கும் அதே பாக்குவெட்டி.

மிஸ்ஸி அவரைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. அவர் வீட்டுக்கே போனார். வழி காட்ட நானும் போனேன்.

"என்ன மிஸ்ஸி, என்ட தொழிலப் பறிக்க வந்தீங்களா?" ராத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இல்ல ராத்தா. தொழில் உங்கடதான். பாக்குவெட்டிய மட்டும் பறிக்க வந்தன்."

ராத்தா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் சாரனில் தெறித்தது. மிஸ்ஸியும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் ராத்தாவின் முகம் மாறிவிட்டது.

"இந்தக் கையால எடுத்த புள்ளைய, எட்டாம் நாள் பொத்திக்கிட்டுப் போறத வேலிக்குள்ளால பாத்துக்கிட்டு நிக்கிறன். எனக்கு அது சுகமா மிஸ்ஸி? இவன்ட மூண்டையும் நான் பாத்திரிக்கன்." என்னைக் காட்டினார். "என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்க. பாக்குவெட்டி பாக்கோட இரிக்கட்டும். சாம்பலையும் உட்டிர்ரன். ஆனா ஓதி ஊதுறது என்ட உம்மா தந்த வேலை. அத உடமாட்டன்."

"ஊதுங்க ராத்தா. நல்லா ஊதுங்க. தொப்புளில மட்டும் ஊதாதீங்க."

"அப்ப நெத்தியில ஊதுறன்," என்று ராத்தா பேரம் முடித்தார்.

ஈர்க்குப் போல நூல்

கடைசி மாதத்தில் றாவியாவுக்குக் குனிய முடியவில்லை. நூல் அவிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புதுக் கழியில் இழை பிரித்தேன். அவித்தேன். பிழிந்தேன். அதுவரை ஒரு பிழையும் இல்லை.

பக்கத்தில் பாவுக்குக் காய்ச்சின கஞ்சி இருந்தது. சின்ன வயதிலிருந்து பழகின கை. அவித்த நூலைக் கண்டால் அடுத்து என்ன செய்யும்? கஞ்சியில் தோய்த்து, உருவி, தறியில் இழுத்துக் கட்டிக் காயவைத்தேன். பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பெரிய காரியம் செய்தவன் போல வெற்றிலை போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வருகிறேன், றாவியாவுக்கு வலி. ராத்தா வந்துவிட்டார். மிஸ்ஸியும் வந்து, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, துணியைப் பிரித்தார். நூலை இடுக்கியால் தூக்கினார். அது வளையாமல் நின்றது.

"உதுமாலெவ்வை, இதென்ன ஈர்க்குப் போல நிக்குது?"

"கஞ்சி போட்டன் மிஸ்ஸி. கஞ்சி போடாட்டி இழை பிஞ்சி போகுமே."

"எங்க காயவச்சீங்க?"

"தறியிலதான்."

மிஸ்ஸி கண்ணை மூடித் திறந்தார். திரைக்குப் பின்னாலிருந்து, இரண்டு வலிக்கு நடுவில், றாவியாவின் குரல் வந்தது. "யா அல்லாஹ், அந்த மனிசன அந்தக் குழிக்குள்ளயே மூடி உடுங்க."

மிஸ்ஸி தன் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "கிருமிக்கும் கஞ்சி சாப்பாடுதான். வேற நூல் எடுத்து இப்பவே அவிங்க. பிள்ளை பிறந்து கொடி துடிக்கிறது நிக்கிறதுக்கு முன்ன வந்தா உங்கட நூல். வராட்டி என்ட நூல். அதில கதை இல்ல."

தன் சட்டையில் குத்தியிருந்த கைக்கடிகாரம் போன்ற சின்ன மணிக்கூட்டைக் கழற்றித் தந்து, கொதி வந்தபின் முள் எதிலிருந்து எது வரை போக வேண்டும் என்று காட்டினார்.

புதுக் கழியில் நூல் அறுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன். கைக்கு முதலில் அகப்பட்ட பாத்திரத்தை எடுத்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்தவள் போல றாவியா சத்தம் போட்டாள். "சாயச்சட்டிய எடுத்திராதீங்க. புள்ள நீலத் தொப்புளோட திரியும்."

சோற்றுப் பானையை எடுத்தேன். கொடி வெட்ட மிஸ்ஸி தந்த புதுச் சவர அலகையும் நூலோடு போட்டேன். இஸ்மாலெவ்வை வேலியைத் தாண்டி வந்து, சிரட்டையை அடுப்பில் அடுக்கி, குந்தியிருந்து ஊதினான். அவன் அன்றைக்கு ஒரு பகிடியும் சொல்லவில்லை. கொதி வந்தது. முள் நகருகிறதா என்று பார்த்தேன். நகரவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

உள்ளே பிள்ளை அழுதது.

முள்ளுக்கு இன்னும் கொஞ்சம் வழி இருந்தது. பானையைத் தூக்கக் கையை நீட்டினேன். இஸ்மாலெவ்வை கையைப் பிடித்துக்கொண்டான். "பொறு மச்சான். அரை அவியல் அவிச்சாச் சாயம் புடிக்காது எண்டு நீதானே எனக்குச் சொன்ன."

"பொம்புளப் புள்ள," என்றார் ராத்தா உள்ளேயிருந்து. "கொடி இன்னம் துடிக்குது. அவசரப்படாம அவி மனே."

முள் வந்து சேர்ந்தது. பானையோடு ஓடித் திரையடியில் வைத்தேன். மிஸ்ஸியின் இடுக்கி வந்து என் நூலைத் தூக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை அது துவண்டு தொங்கியது. மிஸ்ஸி ஆறவிட்டு இறுக்கிக் கட்ட, கழுவின கையோடு ராத்தா வெட்டினார். காகிதப் பொட்டலம் பிரிக்காமலே பெட்டிக்குள் போனது.

வாய் திறந்தது

ஏழாம் நாள் பேர் வைக்க றாவியா விடவில்லை. "எட்டு போகட்டும்," என்றாள். அதற்கு மேல் யாரும் அவளிடம் கதைக்கவில்லை. தொப்புளில் ஒருவரும் ஒன்றும் பூசவில்லை. ராத்தா தினமும் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றியில் ஊதிவிட்டுப் போனார். கட்டாவிட்டால் கை சாம்பலைத் தேடுமாம்.

எட்டாம் நாள் காலை. தறியில் இருக்கிறேன்.

"புள்ள வாய் திறக்குதில்ல," என்றாள் றாவியா. கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

என் தறி நின்றது. இஸ்மாலெவ்வையின் தறி நின்றது. ஒன்றைக் கேட்டு ஒன்றாகத் தெருவின் கடைசி வரை நின்றுவிட்டது. அந்த அமைதியில் கடல் இரைவது கேட்டது. ராத்தா முக்காடு நழுவ ஓடி வந்தார். மிஸ்ஸியைக் கூட்டிவர இஸ்மாலெவ்வை சைக்கிளில் போனான்.

மிஸ்ஸி வந்தார். கையைக் கழுவினார். அந்த நேரத்திலும் அவசரமில்லாமல் கழுவினார். பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் அசைத்தார். பிறகு உள்ளங்காலில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

பிள்ளை வாயைத் திறந்தது. அண்ணம் தெரியத் திறந்து வீறிட்டது.

"ராத்திரி எத்தனை தரம் குடிச்சது?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"விடிய விடியக் குடிச்ச," என்றாள் றாவியா.

"பிறகென்ன. வயிறு முட்டித் தூங்கிற பிள்ளைய எழுப்பிச் சாப்பிடு சாப்பிடு எண்டா ஆருக்கும் வாய் திறக்க மனம் வராது."

வீறிட்ட சத்தம் வேலிகளைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். முதலில் ஒரு வளவிலிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு பெண் குரல். பிறகு அடுத்த வளவு. அதற்கடுத்தது. கலந்தரும்மா ராத்தா நிலத்தில் உட்கார்ந்து, முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். றாவியா அழவில்லை. பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, "கத்துடி, இன்னம் கத்து," என்றாள்.

ஒன்பதாம் நாள் முடியிறக்கி, ஹயாத்தும்மா என்று பேர் வைத்தோம். ஹயாத்து என்றால் ஆயுள்.

ஒரு வளையம் நூல்

வயிற்றோடு இருந்த மற்ற ஆறு பேருடைய புருஷன்மாரும் அடுத்த மாதங்களில் ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் நூலோடு எங்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். றாவியா இழையைத் தொட்டுப் பார்த்துத்தான் பானையில் போடுவாள். ராத்தா வெட்டினார், மிஸ்ஸி கட்டினார். ஆறு பிள்ளைகளும் நின்றன. காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் அதற்குப் பிறகும் எங்கள் தெரு பிள்ளைகளைக் கொடுத்ததுண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் வாய்க்கட்டு எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவில்லை. இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், அது என்ன என்று கேட்கிறார்கள்.

கதை கல்முனையைத் தாண்டிப் போனது. ஒரு நாள் சாய்ந்தமருதிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். கடல் தொழிலாளி. வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. கையில் வளையமாகச் சுற்றின வலைக் கயிறு.

"இஞ்ச நூல் அவிச்சுத் தாறதாம். பொஞ்சாதிக்குப் பெறு மாதம். ரெண்டு புள்ள எட்டாம் நாள்ல போன."

றாவியா திரையை விலக்கிக் கயிற்றைப் பார்த்தாள். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். "காக்கா, இதால தோணியக் கட்டலாம். புள்ளையக் கட்டேலாது."

அந்த மனிதர் கயிற்றைப் பார்த்தார். "இது நான் முறுக்கின. எங்கட தொழில் இதுதான்."

றாவியா பெட்டகத்தைத் திறந்து, எங்கள் கழியில் அவித்து வைத்திருந்த நூலைத் துணியோடு கொண்டுவந்து நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"அது ஒங்கட நூலெல்லவா," என்றார். "வெளியால இரிந்து நூல் கொண்டு போய் என்ட புள்ளைக்கு எப்பிடிக் கட்டுற?"

றாவியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் வேறு யாருக்கும் அதற்குப் பதில் சொல்லும் உரிமை இல்லை என்பது போல.

நான் தறிக்குழியிலிருந்து எழும்பிப் போய், அந்தத் துணிப் பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்து விட்டேன்.

"நூல் ஆர்ரயா இரிந்தா என்ன காக்கா," என்றேன். "புள்ள ஒங்கட."